பட்டமும் அதன் பின்னுள்ள சான்றுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும், பத்தாம் வகுப்புத் தகுதி போதுமான குரூப் 4 தேர்வைப் பொறியாளர்களும் எழுதுவதைக் காட்டி, பட்டத்துக்கு மதிப்புப் போச்சு என்கிறார்கள். பட்டம் இல்லாமல் துணை ஆட்சியர் போன்ற உயர்பதவிகளுக்கான குரூப் 1 விண்ணப்பமே போட முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பிப்போர் சறுக்குவது வேறு இடத்தில். பத்து, பன்னிரண்டு (அல்லது டிப்ளமோ), பிறகு பட்டம் என்ற வரிசை தேவை. நடுப்படியைத் தாண்டித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அங்கே எடுபடாது. தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடோ இன்னும் கறார். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பின் கல்லூரிச் சான்று மட்டும் செல்லாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். மூன்று பள்ளி மாறியவர் மூன்று இடத்திலும் வாங்க வேண்டும். பள்ளியை மூடியிருந்தால் அலைச்சல் சொல்லி மாளாது! தேர்வு அறிவிக்கை வருமுன்பே, கடைசி ஆண்டு விடுமுறையிலேயே இதை முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்