உயரத்தை வைத்துப் பிள்ளைகளைக் கழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் இருந்துகொண்டு உங்கள் பத்திரிகையைத் தினமும் போனில் வாசிக்கிறவள் நான். பிறந்தது காரைக்கால். கல்யாணமாகி 1999-இல் இங்கே வந்தேன். சேந்த் ஆந்த்ரேயில் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இந்தத் தீவில் நம் வம்சாவளியினர் ஏராளம். கோயில் உண்டு, காவடி உண்டு, தீமிதி உண்டு. ஆனால் தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தை என் மகனுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவேன். அவனுக்கு வயது 13. பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் கிரியோல், வீட்டில் என்னோடு தமிழ். அவன் கற்ற தமிழில் பாதி உங்கள் விளையாட்டுப் பக்கம் போட்ட பிச்சை என்றே சொல்லுவேன். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

போன ஞாயிறு, பிள்ளைகளை எந்த விளையாட்டில் சேர்க்கலாம் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நீச்சல், சதுரங்கம், பாட்மின்டன் எல்லாம் வாசித்தேன். டென்னிஸுக்கு இரண்டே வரி. ஆறடிக்கு மேல் வளரக்கூடிய பிள்ளைக்குத்தான் டென்னிஸ், தாய் தகப்பன் குட்டை என்றால் பணத்தை வீணாக்க வேண்டாம் என்று அதன் சாரம். வாசித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். "ஏம்மா நிறுத்திட்ட?" என்றான். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

என் வீட்டுக்காரர் ஐந்தடி நான்கு அங்குலம். நான் ஐந்தடியைத் தொடவில்லை. மகன் அவன் வயதுப் பிள்ளைகள் எல்லோரையும்விடச் சின்னவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டென்னிஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் ஒரு தேர்வுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பயிற்சியாளர் அவன் ஆடுவதைக் கால்மணி நேரம் பார்த்தார். அப்புறம் என்னையும் வீட்டுக்காரரையும் மேலும் கீழும் பார்த்தார். கை நன்றாக இருக்கிறது, உயரம் வராது என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது வண்டியில் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபக்கமும் கரும்பு நிற்கும் சாலை. பாதி வழியில், "அம்மா, தினம் பால் குடிச்சா வளருமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செபஸ்தியான் பாயெஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தார். டிவி வழியாகத்தான். பெயரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. காரைக்கால் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு செபஸ்தியான் உண்டு. இவர் அர்ஜென்டினா டென்னிஸ் வீரர். 2000 டிசம்பர் 28-இல் புவனோஸ் அய்ரஸில் பிறந்தவர். உயரம் 170 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஐந்தடி ஏழு அங்குலம். நம் ஊர்க் கடைத்தெருவில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத உயரம். அந்த உயரத்தோடு 2024 ஜூனில் உலகத் தரவரிசையில் 18-ஆம் இடத்துக்கு வந்தார்.

அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்தார் என்பதுதான் முக்கியம், ஆசிரியர் ஐயா. அதை யாருமே எழுதுவதில்லை. 2018-இல் சிறுவர் பிரிவில் உலக முதலிடம். ரோலான் காரோஸ் என்கிற பிரெஞ்சு ஓப்பனில் சிறுவர் இறுதிப் போட்டி வரை போய், தைவான் பையன் செங் சுன்-சினிடம் தோற்றார். அதே ஆண்டு சொந்த ஊரில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் இரட்டையர் தங்கம், ஃபகுந்தோ தியாஸ் அகோஸ்தாவோடு சேர்ந்து. சரி, இனி நேரே மேலே போவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போகவில்லை. 2021 தொடங்கும்போது தரவரிசையில் 300-க்கும் அப்பால் இருந்தார். சிறுவர் பட்டம் பெரியவர்கள் ஆட்டத்தில் செல்லுபடியாகாது.

அப்புறம் அவர் ஏறிய ஏணிக்குப் பெயர் சேலஞ்சர். பெரிய போட்டிகளுக்குக் கீழ்ப்படியில் இருக்கும் சிறு போட்டிகள். கூட்டம் இருக்காது, பரிசுப் பணம் குறைவு, புள்ளிகளும் குறைவு. பெரிய நான்கு போட்டிகளில் ஒன்றை ஜெயித்தால் 2000 புள்ளி என்றால், இங்கே கோப்பையே வாங்கினாலும் அதில் ஒரு துணுக்குதான். 2021 என்ற அந்த ஒரே ஆண்டில் பாயெஸ் 6 சேலஞ்சர் பட்டங்கள் வென்றார். 20 வயதுப் பிள்ளை, ஒரே வருஷத்தில் ஆறு. ஆண்டு முடிவதற்குள் முதல் 100 பேரில் வந்துவிட்டார். மிலானில் நடந்த இளம் வீரர்கள் போட்டியில் அரையிறுதி ஆடி ஸ்பெயினின் அல்காரஸிடம் தோற்றார். அன்று ஜெயித்த அல்காரஸைப் பற்றி உங்கள் பக்கத்தில் வாரம் தவறாமல் செய்தி வருகிறது. தோற்றவர் என்ன ஆனார் என்று ஒரு வரிகூட இல்லை.

பாயெஸ் அடுத்த ஆண்டு, 2022 மே மாதமே போர்ச்சுகலின் எஸ்தோரில் நகரில், சேலஞ்சருக்கு மேல்படியான ஏடிபி போட்டிகளில் தன் முதல் பட்டத்தை வாங்கினார். இறுதியில் அமெரிக்காவின் டியாஃபோவை 6-3, 6-2 என்று வென்றார். அதே மாதம் ரோலான் காரோஸில் ஜெர்மனியின் ஸ்வெரேவுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு, கடைசி செட்டில் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற இடத்தில் நின்று, தோற்றுப்போனார். ஐந்து செட். அந்த ஆட்டத்தின் பதிவை என் மகன் எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி வரும்போது எழுந்து நின்றுவிடுவான்.

பாயெஸ் மறுபடி எழுந்தார். 2023-இல் கோர்தோபா, கிட்ஸ்பூயல், வின்ஸ்டன்-சேலம் என்று மூன்று பட்டங்கள். கிட்ஸ்பூயலில் ஆஸ்திரியாக்காரர் டொமினிக் தீமை அவர் நாட்டிலேயே வென்றார். அங்கிருந்து அமெரிக்கா போய், களிமண் ஆட்டக்காரர் என்று எல்லோரும் முத்திரை குத்திய அந்தப் பிள்ளை சிமெண்ட் மாதிரியான கடினத் தளத்திலும் கோப்பை வாங்கினார்.

2024 பிப்ரவரியில் ரியோ இறுதிப் போட்டி. பிரேசிலில் மாலை என்றால் எங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் திங்கட்கிழமை, அவனுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஆனாலும் எழுப்பினேன். இறுதியில் இரண்டு பேருமே அர்ஜென்டினாக்காரர்கள். எதிரே மரியானோ நவோனே, தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்து இறுதிவரை ஏறியவர். 6-2, 6-1 என்று பாயெஸ் முடித்துவிட்டார். அடுத்த வாரமே சாந்தியாகோவில் சிலி வீரர் தபிலோவை அவர் நாட்டுக் கூட்டத்தின் முன்னால் முதல் செட்டை இழந்தபின் வென்றார். 2025-இல் மறுபடியும் ரியோ. அந்தப் பட்டத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் தக்கவைத்துக்கொண்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

இத்தனை பட்டம் அர்ஜென்டினாக்காரர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. எனக்குத் தெரிந்த பதில், அவர்கள் கண்டத்திலேயே ஏணி இருக்கிறது. பக்கத்து ஊரில், பக்கத்து நாட்டில் சேலஞ்சர் நடக்கிறது. பிப்ரவரி வந்தால் புவனோஸ் அய்ரஸ், ரியோ, சாந்தியாகோ என்று வரிசையாகக் களிமண் போட்டிகள். 11 மணி நேரம் விமானத்தில் பறந்தால்தான் ஓர் ஏணியின் முதல் படி என்ற நிலை எங்களுக்கு. உயரத்தைக் குறை சொல்லுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பறந்து போகவும் செய்தோம். 2024 மே விடுமுறையில் பாரிஸில் கொழுந்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். ரோலான் காரோஸ் தகுதிச் சுற்று நடக்கும் வாரம், சீட்டு விலை குறைவு. ரோலான் காரோஸ் பழைய டென்னிஸ் வீரர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் விமானி, எங்கள் தீவின் தலைநகர் சேந்த் தெனியில் 1888-இல் பிறந்தவர். 1913-இல் மத்தியதரைக் கடலை எங்கும் இறங்காமல் பறந்து கடந்த முதல் மனிதர். போரில் 1918-இல் இறந்துபோனார். எங்கள் விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். ரோலான் காரோஸில் ஏறி ரோலான் காரோஸுக்கே வந்துவிட்டோம் என்று மகன் வாசலிலேயே குதித்தான்.

அங்கே ஓரத்துத் தளம் ஒன்றின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். என் அப்பா கொத்தனார். பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்போடு சுர்க்கி சேர்த்துப் பூசுவார். செங்கல்லை இடித்துச் சலித்த தூள்தான் சுர்க்கி. சாயங்காலம் அவர் வேட்டி ஓரமும் முழங்கையும் அந்தச் சிவப்பில் இருக்கும். பாரிஸில் நான் பார்த்ததும் அதே சுர்க்கிதான். அடியில் கல், அதன்மேல் சரளை, அதன்மேல் எரிந்த நிலக்கரிக் கசடு, அதன்மேல் அரைத்த சுண்ணாம்புக்கல். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செங்கல் தூள். களிமண் தளம் என்று நாம் சொல்லுகிறோம், உண்மையில் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு அந்த மெல்லிய பூச்சுதான். ஆட்டம் நின்றதும் இரண்டு பேர் வந்து பெரிய வலையை இழுத்துத் தளம் முழுக்கச் சுற்றினார்கள். ஒருவர் குழாயில் தண்ணீர் தெளித்தார். கடைசியாக ஒருவர் விளக்குமாற்றால் வெள்ளைக் கோடுகளை மட்டும் துடைத்துக்கொண்டே போனார், வாசலில் கோலத்துக்கு முன் பெருக்குவது மாதிரி. அப்பா இருந்திருந்தால் தூளைக் கையில் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்திருப்பார்.

அந்தத் தூள் பந்தைப் பிடித்து வைக்கிறது. பந்து வேகம் குறைந்து மேலே எழும்புகிறது. நெட்டையானவர்கள் மேலிருந்து இறக்கும் சர்வீஸ் கடினத் தளத்தில் போல இங்கே கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்து போவதில்லை. எடுக்க நேரம் கிடைக்கிறது. காலை வழுக்கவிட்டுப் பந்தை எட்டலாம். குட்டையானவர்களுக்கு இதில் கஷ்டமும் உண்டு, பந்து தோள் உயரத்துக்கு எம்பும். அதற்குப் பாயெஸ் வைத்திருக்கும் வழி, பந்து எம்பி முடிவதற்குள் முன்னால் போய் அடித்துவிடுவது, கால்களை ஓயவிடாமல் சுற்றி வந்து வலக்கைப் பக்கமாகவே எடுப்பது. இதை என் மகன் எங்கள் சிமெண்ட் தளத்தில் பழகுகிறான். மாதத்துக்கு ஒரு ஜோடி காலணி தேய்கிறது. தேயட்டும்.

இவருக்கு முன்னால் தியேகோ ஷ்வார்ட்ஸ்மன் இருந்தார். அவரும் அர்ஜென்டினா, அவரும் 170 சென்டிமீட்டர். 13 வயதில் மருத்துவர் அவரிடம் 170 சென்டிமீட்டருக்கு மேல் வளரமாட்டாய் என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து இனி டென்னிஸ் எதற்கு என்று உடைந்துபோன பிள்ளையை, உன் உயரம் உன் கனவைத் தடுக்கக் கூடாது என்று தேற்றியது தாய் தகப்பன்தான். 2020-இல் அவர் ரோமில் நடாலை வென்றார், ரோலான் காரோஸ் அரையிறுதி ஆடினார், உலகத்தில் 8-ஆம் இடம் வரை போனார். 13 வயது என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உயரம் ஒன்றுமே இல்லை என்று நான் வாதாடவில்லை. பாயெஸ் வாங்கிய பட்டங்களில் பெரிய நான்கில் ஒன்றும் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். சர்வீஸில் அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் கொடுக்கும் விலையையும் பார்க்கிறேன். ஆனால் உலகத்தில் 18-ஆவது ஆளாக வந்தது வீணாய்ப்போன பணமா? அந்த இரண்டு வரியை எத்தனை தாய் தகப்பன் வாசித்திருப்பார்கள்? நாகப்பட்டினத்திலோ தேனியிலோ ஒரு பிள்ளையின் ராக்கெட் பரண்மேல் ஏறியிருந்தால் அதற்கு யார் பொறுப்பு?

இரண்டு வேண்டுகோள். அந்த வரிகளுக்கு ஒரு திருத்தம் போடுங்கள், சின்னதாக இருந்தாலும் அதே பக்கத்தில். அப்புறம், வாரத்துக்கு ஒரு மூலையாவது சேலஞ்சர் முடிவுகளுக்கு ஒதுக்குங்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அந்தப் படியில்தான் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஊரில் யாரிடம் எத்தனை செட்டில் தோற்றார்கள் என்றாவது நாங்கள் தெரிந்துகொள்கிறோம்.

போன ஞாயிற்றுக் கட்டுரையை மகன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கத்தை நான் அவனுக்கு முழுதாக வாசித்துக் காட்டவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேந்த் ஆந்த்ரே, ரெயூனியன் தீவு