இடந்தலையில் அப்பிய ரவை

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் கட்டுரை வந்த இதழ் சனிக்கிழமை கிடைத்தது. உன் அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'அமிர்தம்' மூன்று இடத்தில், 'பாரம்பரியச் சுவை' ஐந்து இடத்தில். ராமசேரி இட்லியை மண்பானையில் வேகவைக்கிறார்கள் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். போன் பேசியே எழுதியிருக்கிறாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ராமசேரி இருக்கும் எலப்புள்ளிப் பக்கம் நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

மறுநாள் விடியும் முன் நானே போனேன். தண்ணீர் கொதிக்கும் பானையின் வாயில் நூல் வலை, அதன்மேல் துணி. மாவைத் தோசைபோல் சற்றே பரப்பி ஊற்றி, மேலே கவிழ்த்து மூடுகிறார்கள். வெந்ததும் இட்லி சுடும் அம்மாள் துணியோடு தூக்கிக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து உரித்தார். அவருடைய விரல் நுனிகள் சூட்டுக்குப் பழகி வழவழவென்று இருந்தன. விறகுப் புகையில் எனக்குக் கண் எரிந்து நீர் வழிந்தது, அவர் இமைக்கக்கூட இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் அவை. இப்போது சில வீடுகளில்தான் அடுப்பு எரிகிறது. உன் கட்டுரையில் அந்த விரல்கள் எங்கே?

சங்கீதப் பக்கத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாய். மைக் செட் கட்டியவனுக்கு மேடையின் பக்கவாட்டுதான் தெரியும். (மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். எல்லா வித்வான்களும் அப்படி இருந்திருந்தால் நம் வீட்டில் உலை கொதித்திருக்காது.) பாலக்காட்டுக் கல்பாத்தித் தேரை ஒட்டி நடக்கும் கச்சேரிகளில், ஆரம்பிப்பதற்கு முன் மிருதங்கக்காரர் ஒரு கிண்ணத்தில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைவார். மிருதங்கத்தின் இடது முகமான இடந்தலையில் அப்பி, தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, நகத்தால் கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி தட்டுவார். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார். வலது முகமான வலந்தலையின் கறுப்பு வட்டத்துக்கும் சோற்றைத்தான் கல்பொடியோடு குழைத்துத் தேய்க்கிறார்கள். பெருவெம்பில் வாத்தியம் செய்கிறவர்களிடம் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார். சாப்பாட்டுக்கு ஒரு பக்கம், சங்கீதத்துக்கு ஒரு பக்கம் என்று நீ பிரித்துவைத்திருக்கிறாய், அவர்களிடம் இரண்டும் ஒரே கிண்ணத்தில் இருக்கின்றன.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் எழுதப்போவதாகச் சொன்னாய். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கொஞ்சம் பொறு. சங்கீத விமர்சகர் சுப்புடு அரசு உத்தியோகத்தில் இருந்துகொண்டுதான் பெரிய வித்வான்களை அப்படி வாரினார். சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால்தான் அந்தத் துணிச்சலோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமர்சனம் எழுதியபோது விகடனுக்கே ஆசிரியராக இருந்தார். உனக்கோ, எழுதி ஆறு மாதம் கழித்தும் ஒரு பத்திரிகை பணம் தரவில்லை. நானும் கர்க்கடக (ஆடி) மழையில் ஒலிபெருக்கியைப் பரணில் ஏற்றிவிட்டு ரேடியோவும் மிக்சியும் பழுது பார்த்தவன்தான். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை.

இன்னொன்று. ஓட்டல்காரர் பில் வேண்டாம் என்றாலும் கொடுத்துவிட்டு வா. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவைத்து, இரண்டாம் முறை பாயசம் ஊற்றிய அன்றெல்லாம் நான் மைக் செட் வாடகையைக் குறைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். வாயில் இனிப்பு இருக்கும்போது கணக்குக் கேட்க நாக்கு எழாது.

ராமசேரியிலிருந்து பொடி வாங்கிவந்தேன், பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொள், நல்லெண்ணெய் வேண்டாம். ஐப்பசியில் தேருக்கு லீவு போட்டுவிட்டு வா. இந்த முறை முன்வரிசை டோக்கனெல்லாம் கேட்காதே, மைக் செட் பெட்டி மேல் உனக்கும் ஒரு இடம் இருக்கிறது.

உன் அம்மா ஒன்று கேட்கச் சொல்கிறாள்: அந்த ஆறு மாதப் பணம் வந்ததா, இல்லையா?

அன்புடன்,
அப்பா