ஃபார்ன்பரோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

தீபாவளிக்கு முன்னால் வந்த உங்கள் கடிதத்துக்குக் கார்த்திகை பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். காரணம் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. ஃபோனில் கூப்பிட்டால் "சரி, வை, காசு ஏறும்" என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் காசு ஏறாது என்று அண்ணன் எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

நான் நலம். அம்மா பயப்படுகிற மாதிரி மெலியவில்லை. குளிர் பழகிவிட்டது. ஹீட்டரை அதிகம் போடுவதில்லை, போட்டால் தோல் வறண்டு போகிறது. இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டால் போதும். சனி ஞாயிறில் ஒரு கடையில் பெட்டி அடுக்கப் போகிறேன், உடம்புக்கும் நல்லதுதானே. மதினி கட்டிக் கொடுத்த கறுப்பு உளுந்து இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போன வாரம் உளுந்தஞ்சோறு வைத்தேன். துவையலுக்கு இங்கே வாங்கிய எள்தான் சரிப்படவில்லை. இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள், உடனே பார்சல் கட்ட உட்கார்ந்துவிடுவாள்.

அடுத்த வீட்டில் ஒரு நேபாளத் தாத்தா. பிரிட்டிஷ் ராணுவத்தில் கூர்க்காவாக இருந்தவர். நம் ஊரில் கூர்க்கா என்றால் ராத்திரி விசில் ஊதிக்கொண்டு வருகிறவர்தானே. இங்கே இந்த வட்டாரம் முழுக்க அவர்கள் குடும்பங்கள்தான். தாத்தா விசில் ஊதுவதில்லை, குப்பைத் தொட்டியைக் காவல் காக்கிறார். எந்தக் கிழமை எந்த நிறத் தொட்டியை வாசலில் வைக்கவேண்டும் என்று எனக்கு மறந்துபோனால், காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, என் தொட்டியை என் கையில் கொடுப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி வராது, எங்கள் இருவர் இங்கிலீஷும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனால் கொல்லையில் விளைந்த கடுகுக் கீரை வாரம் ஒரு கட்டு வந்துவிடுகிறது.

செப்டம்பரில் ஒரு இடம் பார்த்தேன். அதை உங்களிடம் சொல்லவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

இங்கிலாந்தில் முதன்முதலில் விமானம் பறந்தது இந்த ஊரில்தான், 1908-இல். பறந்தவர் கோடி என்கிற அமெரிக்கர், அதற்கு முன்னால் ஆளையே மேலே தூக்குகிற பட்டம் செய்து விட்டுக்கொண்டிருந்தவர். அப்புறம் இங்கே பெரிய விமான ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தது. இப்போது அந்த இடமெல்லாம் ஆபீஸ் கட்டடங்கள். பக்கத்தில் பைஸ்டாக் என்று ஒன்று இருந்ததாம். மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜினைக் கட்டிவைத்து எரிப்பார்களே, அதுபோலக் கான்கார்ட் விமானத்தின் இன்ஜினை அங்கே கட்டிவைத்து ஓட்டியிருக்கிறார்கள். அதை இடித்துவிட்டு வீடு கட்டுகிறார்கள். ஆராய்ச்சி நிலையத்தில், விமானத்தின் மேல் காற்றை ஊதிச் சோதிக்கிற காற்றுச் சுரங்கங்களை மட்டும் இடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் ஒன்றிரண்டு நாள்தான் திறப்பார்கள். டிக்கெட் கிடையாது, அதுதான் போனேன்.

பெரியது 1935-இல் கட்டியது. உள்ளே சிமென்ட்டில் வட்டமாக ஒரு வாய், 24 அடி குறுக்களவு. எதிரே 30 அடிக்கு ஒரு விசிறி. ஆறு இறக்கை, எல்லாம் மகோகனி மரம். நம் ஆசாரி பார்த்தால் தடவிக்கொண்டே நிற்பார். நடுவில் நிஜ விமானத்தையே நிறுத்தி, மணிக்கு ஏறக்குறைய 185 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை விடுவார்களாம். விசிறி இழுத்த காற்று வெளியே போகாது, கட்டடத்துக்குள்ளேயே சுற்றி மறுபடி அந்த வாய்க்கே வரும். கமலைத் தடத்தில் மாடு போய் வருகிற மாதிரி. விமானம் நிற்கும், காற்று பறக்கும். இப்போது எல்லாம் அடங்கிக் கிடக்கிறது. இருமினால் அந்தச் சத்தம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறது.

தங்கச்சி மெக்கானிக்கல் எடுத்ததற்கு அத்தை இன்னும் புலம்புகிறாள் என்று எழுதியிருந்தீர்களே, இதைப் படித்துக் காட்டுங்கள். பியாட்ரிஸ் ஷில்லிங் என்று ஒரு பெண் இங்கே இன்ஜினியராக இருந்தார். யுத்த சமயத்தில் நம் ஆட்களின் விமானம் (இங்கே இருந்து எனக்கும் "நம் ஆட்கள்" என்று வருகிறது பாருங்கள்) மூக்கைக் கவிழ்த்துச் சட்டென்று இறங்கினால் கார்புரேட்டரில் பெட்ரோல் மிஞ்சிப்போய் இன்ஜின் நின்றுவிடும். நம் பழைய மொபெட்டுக்கு வருகிற அதே வியாதி. 1941-இல் அந்த அம்மாள் நடுவில் துளை போட்ட சின்ன உலோகத் துண்டு ஒன்றைச் செருகி, பெட்ரோல் ஏறுவதை அளவாக்கினார். இன்ஜினைக் கழற்றக்கூட வேண்டாம். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மணிக்கு நூறு மைல் தாண்டி ஓட்டியவர் வேறு. அத்தையிடம் அதைச் சொல்லவேண்டாம்.

அம்மாவுக்கும் ஒன்று. நான் விமானம் ஏறினதற்குச் சாஸ்தாவுக்கு நேர்ந்தாளே. 1954-இல் காமெட் என்ற ஜெட் விமானம் இரண்டு தடவை நடுவானில் உடைந்து விழுந்தது. ஏன் என்று பார்க்க, இந்த ஊரில்தான் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தம் ஏற்றி, இறக்கி, ஏற்றி, ஆயிரம் தடவைக்கு மேலே செய்தார்கள். கடைசியில் ஜன்னல் மூலையில் கிழிந்தது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே சங்கதி. அதற்கப்புறம் வந்த காமெட்டில் ஜன்னலை மூலையே இல்லாமல் உருட்டிவிட்டார்கள். சாஸ்தாவோடு இவர்களையும் கும்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சுற்றிக் காட்டிய பெரியவர் எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். பணகுடி என்று சொல்ல வாயெடுத்து, "சென்னைக்குத் தெற்கே" என்றேன். சொன்ன பிறகு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அறுநூறு கிலோமீட்டருக்கு மேலே தெற்கே! அந்த வாய்க்கு முன்னால் போய் நின்றேன். ஒரு பொட்டுக் காற்று இல்லை. ஆனி மாதம் ஆச்சி கொடியில் போட்ட சேலை பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்குமே, அதுதான் கண்ணில் வந்தது. ராத்திரி கதவு அடித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் எழுந்து போய்க் கட்டை முட்டுக் கொடுப்பீர்கள். இங்கே என் அறை ஜன்னல் திறக்கவே வராது அப்பா.

சரி, நீங்கள் எழுதியிருந்த நிலத்து விஷயத்துக்கு வருகிறேன். காற்றாலைக்காரர்கள் கேட்பது கிணற்றடி வயல் என்றால் விற்கவேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அண்ணன் சொல்கிற கணக்கும் தப்பில்லை, ஆனால் பாதைக்கு மட்டும் குத்தகையாக எடுப்பார்களா என்று முதலில் கேட்கட்டும். பட்டாவில் இன்னும் தாத்தா பேர் இருந்தால் சித்தப்பாவும் கையெழுத்துப் போடவேண்டி வரும். அவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், அண்ணனை அனுப்பாதீர்கள், சண்டையில் முடியும். வில்லங்கம் எடுத்து ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள். எதற்கும் தை வரை முன்பணம் வாங்கவேண்டாம்.

தங்கச்சி ஃபீஸில் பாதியை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். மீதி அடுத்த மாதம். இங்கே பேங்கில் ஏதோ வரம்பு வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கூரை ஓட்டு வேலையைப் பங்குனிக்குத் தள்ளிப்போடலாம் என்று மதினியிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

மழையைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. குளம் பெருகியதா? மறுகால் பாய்ந்ததா?

உங்கள் மகன்