எடைக்குப் போன எடைப் பதிவேடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஓர் அங்கன்வாடியில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடம்பு போடுவதையும், சின்ன வயதிலேயே சர்க்கரை எட்டிப்பார்ப்பதையும் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பரோட்டா, பாக்கெட் தீனி, செல்போன், ஓடியாட இடமில்லாதது என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். சரிதான். ஆனால் அந்தப் பிள்ளை பிறந்தபோது எத்தனை கிலோ, முதல் இரண்டு வருஷம் அதன் வாயில் என்ன போனது என்று ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். இடமில்லை என்று வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள், குன்னூர் எலிக் கதையை மட்டும் வெட்டாதீர்கள்.

போன ஐப்பசி மழையில், கொழுந்து பறிக்கிற ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. என் மையத்தில் வளர்ந்தவள். "டீச்சர், இவ கழுத்தப் பாருங்க. பயத்தமாவு போட்டுத் தேச்சுப் பாத்துட்டேன், நாரு போட்டும் தேச்சுட்டேன், அழுக்கு போகவே மாட்டேங்குது" என்றாள். பிள்ளையின் பின்னங்கழுத்தில் வெல்வெட் துணி ஒட்டினாற்போல ஒரு கறுப்புப் பட்டை. நார் உரசிய இடம் சிவந்திருந்தது. அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் நிறையச் சுரந்தும் அது சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் முதல் அடையாளம். தேய்க்காதே என்று சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்து நிற்கிறது என்றார்களாம். பிள்ளை பார்வைக்குக் குண்டும் இல்லை. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால்.

இவள் பிறந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரேஷன் கார்டு, பட்டா நகல் எல்லாம் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவிலிருந்து அவள் அம்மா பழைய தாய் சேய் நல அட்டையைத் தேடி எடுத்து வந்தாள். பிறந்த எடை 2 கிலோ 100 கிராம். இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு என்பது எங்களுக்கு முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லித் தருகிற பாடம். இரண்டு வயது வரை இவள் மெலிந்தே இருந்தாள். அம்மா தோட்டத்துக்குப் போய்விடுவாள், பாட்டிதான் பார்த்துக்கொண்டாள். எங்கள் மலையில் பாட்டிமார் பேரப்பிள்ளைக்கு முதலில் ஊட்டுவது எது தெரியுமா? டீயில் தோய்த்த வர்க்கி. மைதா, டால்டா, சர்க்கரை, அதன் மேல் டீ. சோற்றிலும் கீரையிலும் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுப்பது அந்த டீயின் துவர்ப்புதான். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் அம்மா சிலோனிலிருந்து வந்தவர். வெறும் சாயத்தண்ணியில், அதாவது பாலில்லாத டீயில்தான் எங்களையும் வளர்த்தார்.

மூன்றாம் வயதிலிருந்து பிள்ளை மளமளவென்று எடை போட்டாள். எடை அட்டையில், எடை குறைவு என்று காட்டும் மஞ்சளில் கிடந்த புள்ளி, சரியான எடை என்கிற பச்சைக்கு ஏறியது. கூட்டத்தில் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி நான் பெருமைப்பட்டவள். அதைத்தான் இப்போது ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கிறேன்.

நர்ஸாக இருக்கும் என் மகள்தான் டெல்லி ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 1969 முதல் 1972 வரை அங்கே பிறந்த குழந்தைகளைப் பிறந்த அன்றும், பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறையும் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களில் 1,492 பேரை, 26 முதல் 32 வயதில், திரும்பத் தேடிப்பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை வந்தவர்களும், வரப்போகிற நிலையில் இருந்தவர்களும் பெரும்பாலும் எப்படிப்பட்ட பிள்ளைகளாக இருந்தவர்கள்? இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதற்குப் பிறகு பன்னிரண்டு வயதுக்குள் உயரத்தை மிஞ்சி எடை ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூட 'குண்டு' என்ற கணக்கில் வரவில்லை. அதாவது, அன்றைக்கு ஒரு பணியாளர் பார்த்திருந்தால், பிள்ளை தேறிவிட்டது என்றுதான் எழுதியிருப்பார். நான் எழுதியதைப் போலவே.

இது ஏன் என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். வயிற்றில் இருக்கும்போது வருகிற தீனி போதவில்லை என்றால், குழந்தையின் உடம்பு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு மற்ற இடத்தில் சிக்கனம் பிடிக்கிறது. சதை குறையும், கணையம் சிறுத்துவிடும், சிறுநீரகத்தில் வடிகட்டிகளின் எண்ணிக்கை குறையும். அந்த வடிகட்டிகள் பிறப்பதற்கு முன்பே உண்டாகி முடிந்துவிடுபவை, பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அந்த எண்ணிக்கை ஏறாது. சாப்பிடுகிற சர்க்கரையைச் செலவழிக்கிற இடம் சதை. சதையைக் குறைத்துக்கொண்டு பிறந்த பிள்ளைக்குப் பின்னால் மாவும் சர்க்கரையுமாகக் கொட்டினால் அது கொழுப்பாகத்தானே போய் உட்காரும்? புனேயில் டாக்டர் யாக்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்து இதையேதான் சொன்னார்கள். இங்கிலாந்துக் குழந்தை சராசரியாக 3.5 கிலோ என்றால் புனே குழந்தை 2.7 கிலோ. அவ்வளவு சிறியதாக இருந்தும் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில், கர்ப்பகாலத்தில் கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் எடை கூடப் பிறந்ததையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, சின்னதாகப் பிறந்த பிள்ளைக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். முதல் இரண்டு வருஷம் அது எடை போடத்தான் வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அப்புறம் பருப்பு, முட்டை, கீரை, சத்துமாவு, கூடவே இரண்டு வயது வரை தாய்ப்பால். பிரச்சினை வர்க்கியிலும் டீயிலும் வருகிற எடையில்தான்.

எங்கள் மலைக்கு இது புதுச் செய்தியும் இல்லை. குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறதே, அங்கேதான் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தினார். 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அதே கூடம்தான். அவர் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் தனித்தனியாகப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்தவை கொழுகொழுவென்று முதலிடம். நம் சென்னை மாகாணச் சோற்றில் வளர்ந்தவை கடைசி இடம். இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாடு. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், டின் கறி, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. அந்த எலிகள் வளர்ச்சி குன்றி, வெடுக்கு வெடுக்கென்று சீறிக்கொண்டு, கடைசியில் தங்களுக்குள் நோஞ்சானாக இருந்தவற்றைக் கொன்று தின்ன ஆரம்பித்தன. வெள்ளை மாவும் சர்க்கரை டீயும்! தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் குன்னூரில் எலிக்குப் போட்டுப் பார்த்ததை, குன்னூரைச் சுற்றியுள்ள தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் இன்றைக்கும் பிள்ளைக்குப் போடுகிறோம்.

இப்போது என் ஆற்றாமைக்கு வருகிறேன். அந்தப் பெண் பிள்ளை வந்துபோன பிறகு, அவளோடு அதே வருஷம் பிறந்த மற்றப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வந்தது. ஒரு பிள்ளையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது அல்லவா? பழைய மையத்துக்குப் போய் எடைப் பதிவேட்டைக் கேட்டேன். பீரோவில் இல்லை. கட்டிடம் மாற்றியபோது ஈரம் பட்டது, கறையான் வேறு, மேலே கேட்டதில் பழசு வேண்டாம் என்றார்கள், மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். எடைப் பதிவேட்டையும் எடைக்குத்தான் போட்டிருக்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் மையத்தில் மட்டும்தான் இது நடந்தது என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பதிவேட்டில் என்ன இருந்தது என்றால், மார்கழிக் குளிர் இருந்தது. பனி விழுகிற காலையில் லைன் வீட்டு உத்தரத்தில் சால்டர் தராசை மாட்டிக்கொண்டு நிற்பேன். குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ். "கழட்டாதீங்க டீச்சர், சளி புடிச்சுக்கும்" என்று அம்மாக்காரி கெஞ்சுவாள். சரி என்று பிள்ளையை அப்படியே தொங்கவிட்டு முள்ளைப் பார்ப்பேன். அம்மா உள்ளே போய் அடுப்பங்கரையில் பிள்ளைக்குத் துணி மாற்றும்போது, கழட்டிய உருப்படிகளை வாங்கிவந்து தராசில் தனியாகப் போடுவேன். மூன்று கோடு காட்டும், 300 கிராம். அதைக் கழித்துத்தான் எழுதுவேன். கழிக்காமல் எழுதினால் மஞ்சள் பிள்ளை பச்சையாகிவிடும், மேலே நல்ல பேர் கிடைக்கும், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது.

இப்படி எழுதியது வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்று ஒரு தலைமைச் செவிலியர் இருந்தார். 1911 முதல் அவருடைய செவிலியர்கள் வீடு வீடாகப் போய், குழந்தை பிறந்த எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா, ஒரு வயதில் என்ன எடை என்று பேரேடுகளில் எழுதினார்கள். அந்தப் பேரேடுகள் எழுபது வருஷத்துக்கும் மேல் பத்திரமாகக் கிடந்து டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் கையில் கிடைத்தன. 5,654 ஆண்களின் கதையைப் பின்தொடர்ந்து பார்த்தார். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்கள்தான் மாரடைப்பில் அதிகம் இறந்திருந்தார்கள். 1989-ல் அதை வெளியிட்டபோது பல டாக்டர்கள் நம்பவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க, கரு உண்டானதிலிருந்து இரண்டு வயது வரையிலான காலத்தை 'முதல் ஆயிரம் நாள்' என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்கு வேர் அந்தப் பேரேடுகளிலும் இருக்கிறது. அவர்கள் ஊரிலும் பழைய பேப்பர்காரர் இருந்திருப்பார்.

இப்போது நம் அங்கன்வாடிகளில் எடையைச் செல்போனில் ஏற்றுகிறார்கள், நல்லதுதான். ஆனால் ஆறு வயது முடிந்ததும் பிள்ளை அங்கன்வாடிப் பட்டியலிலிருந்து போய்விடுகிறது. அதன் பிறகு பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது, எடை பார்க்கிறது, பல் பார்க்கிறது. என் பேரன் பள்ளிக்கு வந்தவர்கள் பிறந்த எடையைக் கேட்கவில்லை. முதல் வகுப்பில் சேர்க்கும்போது பிறந்த எடை, ஒரு வயது எடை, இரண்டு வயது எடை என்று மூன்று எண்ணைப் பள்ளிப் பதிவேட்டில் ஏற்ற எத்தனை நேரமாகும்? அது இருந்தால், எந்தப் பிள்ளையின் கழுத்தைத் தலைமுடியை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இரட்டிப்பு அவசரம். இன்னும் பத்து வருஷத்தில் அவளும் தாயாவாள். பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று மாமியார் சோற்றைக் குறைப்பாள், இவள் வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டுக் கொழுந்துக்குப் போவாள்.

ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டத்தில் எந்த மையத்தின் மூலையிலாவது பழைய எடைப் பதிவேடு மிச்சமிருந்தால், கறையானுக்கு முன்னால் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க நிர்வாகம் ஓர் உத்தரவு போட வேண்டும். நான் வேலையில் இருந்தபோது எனக்காக ஐந்து நீள நோட்டுகளில் ஒரு நகல் எழுதி வைத்திருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் அதில் இல்லை, அந்தப் பெண் பிள்ளை பிறந்த வருஷமும் இல்லை. இருப்பவை டிரங்குப் பெட்டியில், பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக இருக்கின்றன. கல்லூரியிலிருந்து யாராவது வந்தால் கொடுக்கிறேன். பெயர்களை மறைத்துக் கொடுக்கச் சொன்னால் அப்படியே செய்கிறேன். பல பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கழித்தல் கணக்கு இருக்கும். அது ஸ்வெட்டர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.
(பெயரை வெளியிட வேண்டாம்.)