பேக்கர் குடும்பமும் பெயர் எழுதப்படாதவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு வெளியீட்டில் ஆங்கிலேய வேட்டைக்காரரும் நாடாய்வாளருமான சேர் சாமுவேல் பேக்கரைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அது சுவையாக எழுதப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நுவரெலியாவை 'உருவாக்கியவர்' பேக்கரே என்ற வரியை மலையகத்தில் பிறந்து கொழும்பில் முதுமையைக் கழிக்கும் ஒரு வரலாற்று ஆசிரியனால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. பேக்கர் அங்கே காலூன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆளுநர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்தக் குளிர்மலையில் தமக்கொரு மாளிகை கட்டி, நோயுற்ற படைவீரர்கள் உடல் தேறும் இடமாகவும் அதை ஆக்கியிருந்தார். அம்மாளிகையே இன்றைய கிராண்ட் ஹோட்டலின் மூலக் கட்டடம்.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது பேக்கரின் பின்புலம். அவருடைய தந்தை ஜமைக்காவிலும் மொரிசியஸிலும் கரும்புத் தோட்டங்களை உடைய வணிகர். 1843இல் சாமுவேலும் தம்பி ஜோனும் ஒரு பாதிரியாரின் புதல்வியர் இருவரை மணந்துகொண்டார்கள். அதன் பின் சாமுவேல் குடும்பத் தோட்டத்தைக் கவனிக்க மொரிசியஸுக்குச் சென்றார். அடிமை முறை 1835இல் ஒழிந்த அத்தீவின் கரும்புக் காடுகளுக்கு அப்போது ஆள் அனுப்பிய ஊர்களில் நம் தமிழ்நாட்டு ஊர்களும் அடங்கும். 1846இல் யானை வேட்டைக்காக இலங்கை வந்தவர், காட்டுக் காய்ச்சலில் விழுந்து, உடல் தேற நுவரெலியா சென்றபோதுதான் அங்கே ஓர் ஆங்கிலப் பண்ணைக் கிராமம் அமைக்கும் எண்ணம் கொண்டார். முடிக்குரிய நிலம் என 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அரசின் கைக்குக் கொண்டுவந்திருந்த நிலங்கள் அக்காலத்தில் ஏக்கர் 20 ஷில்லிங் விலைக்குத் துரைமாருக்குக் கிடைத்தன என்பதைச் சொல்லாமல் அவருடைய துணிவை மட்டும் புகழ்வது அரைக்கதையே ஆகும்.

1848இல் அவர் கப்பலில் கொண்டுவந்தவற்றைப் படித்தால் சிரிப்பு வரும்: பண்ணை மேலாளர் குடும்பம், கொல்லர், டர்ஹாம் பசு, செம்மறிக் கடாக்கள், வேட்டை நாய்கள். குதிரை வண்டியை மலைப்பாதையில் பள்ளத்தில் கவிழ்த்த வண்டிக்காரன், அதை மீட்க அனுப்பிய யானையையும் குடிபோதையில் ஓட்டிக் கொன்ற கதையை அவரே எழுதி வைத்திருக்கிறார். முதலில் நட்ட உருளைக்கிழங்கைப் புழுவும் மரையும் காட்டுப்பன்றியும் தின்று தீர்த்தன. ஆயினும் மஹகஸ்தோட்டை என்ற அவர்களது பண்ணை நிலைத்தது. சாமுவேல் 1855இல் நாடு திரும்பிய பின்னரும் ஜோன் அங்கேயே தங்கினார்.

அக்குடும்பத்தின் துயரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சாமுவேலின் மனைவி ஹென்ரியேட்டா பெற்ற ஏழு பிள்ளைகளில் பெண்கள் நால்வரே எஞ்சினர்; அவரும் அதே 1855இல் பிரான்சில் காய்ச்சலால் இறந்தார். தாயற்ற அப்பெண்களை வளர்த்தவர் பேக்கரின் சகோதரி. அல்பேட் ஏரியைத் தேடி அவர் ஆபிரிக்காவில் அலைந்ததெல்லாம் அதற்குப் பிந்திய கதை. கட்டுரையின் பாதியை அதுவே விழுங்கியிருந்தது.

என் மனக்குறை வேறு. பேக்கரின் வேட்டை நூலைப் புரட்டினால் ஸ்மட், கில்பக், பிரான், லூசிஃபர் என நாய்களின் பெயர்கள் வருகின்றன. அவை எங்கே, எந்த மிருகத்தால் குத்துண்டு செத்தன என்பதும் வருகிறது. மண் கொத்தியவர்களும் சுமை தூக்கியவர்களும் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டார்கள். அக்காலத்தில் காடு வெட்டும் வேலையைப் பெரும்பாலும் அயற்கிராமத்துச் சிங்களவர் செய்தார்கள். வெட்டிய காட்டில் கோப்பி நட்டுப் பறிக்க மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் நம்மவர்கள். வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் இரையானவர்களுக்குக் கல்லறை ஏது? ஹோர்டன் சமவெளியில் ஓர் அருவி இன்றும் பேக்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

என் தந்தையின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய துண்டு கிடந்தது. இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன்: இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்தக் கங்காணியையும் அவரது ஆட்களையும் விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கே துண்டு என்று பெயர், அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. எங்கள் துண்டில் கங்காணியின் பெயர் இருக்கிறது, மற்றவர்கள் தலைக்கணக்காகவே இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒருவர் என் பூட்டனார்.

துரைமார் குடும்பங்களின் வரலாற்றை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே பக்கத்தில், வாசகர் வீடுகளில் கிடக்கும் துண்டு, பழைய செக்ரோல் (தோட்டத்து வேலைநாள் பதிவு) தாள், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் படங்களையும், அவற்றைப் பற்றி வீட்டு முதியோர் சொல்வதையும் வாரந்தோறும் வெளியிட ஒரு பத்தியை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் இசைந்தால் எங்கள் துண்டின் பிரதியை முதலாவதாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.