கிரான்பெர்ரி தொக்கோடு வரும் கடிதம்

எடிசன், நியூ ஜெர்சி
30 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள கண்ணா,

சௌக்கியமா? இங்கே எல்லோரும் சௌக்கியம். நேற்று சிகாகோவில் பனி கொட்டுவதை டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நீ வண்டியை எடுத்தாயா, வீட்டில்தான் இருந்தாயா என்று தெரியாமல் அப்பாவும் நானும் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்திருந்தோம். அப்புறம் உன் மெசேஜ் வந்தது, "ஐ ஆம் ஓகே மா" என்று. சரி, அதுவே போதும். இருந்தாலும் சொல்கிறேன், வாசல் படியில் உப்பு தூவாமல் இறங்காதே. நல்ல பூட்ஸ் வாங்கு. போன வருஷம் போட்டுக்கொண்டு வந்தாயே, அந்த ஷூவெல்லாம் பனிக்கு ஆகாது.

போனில் எழுதினால் நீ மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் போட்டு அனுப்பிவிடுகிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். எட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன்னோடு படித்த பிள்ளைகளில் இன்றைக்கும் எழுத்துக்கூட்டாமல் தமிழ் படிக்கிறவன் நீ ஒருவன்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். நிதானமாகப் படி. புரியாத இடம் இருந்தால் அக்காவைக் கேள்.

வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் சாப்பாடு நல்லபடியாக முடிந்தது. அக்கா, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் புதன்கிழமை ராத்திரியே வந்துவிட்டார்கள். பிஸ்கடவேயிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். வழக்கம்போல அப்பா ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியில் படிக்கிற பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார். ஒருவன் திருநெல்வேலி, ஒருவன் ஈரோடு. இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். ஹாஸ்டலில் எல்லாம் பூட்டிவிட்டார்கள், சாப்பிட இடமில்லை என்றார்கள். வத்தக்குழம்பைப் பார்த்ததும் ஈரோட்டுப் பையன் முகம் மாறிவிட்டது. மூன்று தடவை சாதம் போட்டுக்கொண்டான்.

டர்க்கிக் கோழியைக் கேட்கவே வேண்டாம். பதினைந்து பவுண்டு. நான்கு, ஐந்து பவுண்டுக்கு ஒரு நாள் வீதம் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் உறைந்தது இளகும் என்று நீ அப்பாவுக்கு எழுதியே கொடுத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கீழே இறக்கி வைக்க வேண்டியதை அவர் திங்கள் ராத்திரிதான் வைத்தார். வியாழக்கிழமை காலையில் உள்ளே கையை விட்டால் ஐஸ் கட்டி. சிங்க்கில் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றிக்கொண்டு நின்றார். டிவியில் மேசீஸ் ஊர்வலம் ஓடியது, குட்டி ஒவ்வொரு பலூனுக்கும் தாத்தாவைக் கூப்பிட்டாள், அவர் சிங்க்கை விட்டு நகரவில்லை. ஈரல், கழுத்தெல்லாம் வைத்த காகிதப்பை உள்ளே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். 1998இல் அந்தப் பையோடு வேகவைத்ததை யார் மறப்பார்கள்? பன்னிரண்டு மணிக்கு ஓவனுக்குள் போனது, தெர்மாமீட்டர் 165 ஃபாரன்ஹீட் காட்டும்போது மணி நாலரை. நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் வறண்டுவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். எனக்கென்ன தெரியும், நான் உப்புகூடப் பார்க்கிறதில்லை. மிளகும் சோம்பும் அரைத்துத் தடவிய வாசனை மட்டும் வீடு முழுக்க இருந்தது.

நீ இல்லாததால் அப்பாவேதான் வெட்டினார். அந்த எலெக்ட்ரிக் கத்தி அவருக்குப் பழக்கமில்லை, துண்டெல்லாம் கோணல்மாணலாக வந்தது. இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஜனவரியில் ஆபரேஷன். சின்ன விஷயம்தான், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீ லீவு போட வேண்டாம். உனக்குப் பிடித்த கால் துண்டை முதலில் எடுத்து ஃபாயிலில் சுற்றி, மேலே உன் பெயரை எழுதி ஃப்ரீசரில் வைத்துவிட்டார். யாரையும் தொட விடவில்லை.

குட்டி பள்ளிக்கூடத்தில் கையை வைத்து வரைந்த டர்க்கிப் படங்களைத் தட்டுக்கு ஒன்றாக வைத்தாள். மாமாவுக்கும் ஒன்று வைத்தாள். மாமா வரவில்லை என்றதற்கு, நாற்காலி இருக்கிறதே, அப்புறம் வருவார் என்றாள். அதை யாரும் எடுக்கவில்லை.

ஃப்ளைட்டெல்லாம் கேன்சல் ஆகிறது, கவர்ன்மென்ட் ஷட்டவுன், டிக்கெட் போட பயமாக இருக்கிறது என்று சொன்னாய். நானும் சரி என்றேன். அது நவம்பர் 12ஆம் தேதியே முடிந்துவிட்டது, கண்ணா. அதற்கப்புறம் இரண்டு வாரம் இருந்தது. நான் கேட்கவில்லை. நீ எங்கே சாப்பிட்டாய், யார் வீட்டில் இருந்தாய் என்றும் கேட்கப்போவதில்லை. வயிறாரச் சாப்பிட்டாயா என்பது மட்டும் தெரிந்தால் போதும். விஸ்கான்சின் பக்கம் சிகாகோவைவிடக் குளிர் அதிகம் என்று சித்தப்பா பேச்சுவாக்கில் சொன்னார். எங்கே போனாலும் குல்லா போட்டுக்கொள், காது மூடியிருக்கட்டும். சின்ன வயசிலிருந்தே உனக்குக் காதில்தான் பிடிக்கும். பூட்ஸ் வாங்கு.

தொக்கு கிளறும்போதுதான் இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீ நாலாவது படிக்கும்போது சாட்ஸ்வொர்த் பக்கம் கிரான்பெர்ரி வயலுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அக்டோபர் மாதம். வயல் முழுக்கத் தண்ணீர் கட்டி, மேலே சிவப்பாக மிதந்தது. குங்குமத்தைக் கொட்டின மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். இது ஏன் முழுகவில்லை என்று நீ வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாய். அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

போன வருஷம் இதே மேஜையில் அதற்குப் பதில் வந்தது. உன்னோடு வந்த பெண் சொன்னாள். அவள் ஊரில் எங்கே பார்த்தாலும் கிரான்பெர்ரிதான், இந்த நாட்டில் விளைவதில் பாதிக்கு மேல் விஸ்கான்சினிலிருந்துதான் வருகிறது, அவளுடைய தாத்தா அந்த வயலில் வேலை செய்தவர் என்றாள். பழத்துக்குள்ளே நாலு அறை இருக்கிறது, அதில் காற்று இருப்பதால்தான் மிதக்கிறது, நல்ல பழமாக இருந்தால் தரையில் போட்டாலும் துள்ளும் என்றாள். நான் கரண்டியோடு பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழாத மாதிரி சாம்பார் ஊற்றிக்கொண்டு போய்விட்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் தாத்தா இருக்கிறாரா என்றுகூடக் கேட்கவில்லை.

இந்தத் தடவை ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். நாலு அறை. வெள்ளையாக, பூ மாதிரி, நடுவில் பொடி விதை. இத்தனை வருஷமாகப் பை பையாகக் கொட்டிக் கிளறியிருக்கிறேன், ஒன்றை வெட்டிப் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நின்றுவிட்டேன். அக்கா வந்து என்னம்மா என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல ஒவ்வொருவராக எதற்கு நன்றி என்று சொன்னார்கள். திருநெல்வேலிப் பையன் அவன் அம்மாவை நினைத்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். குட்டி மழைக்கோட்டுக்கு நன்றி சொன்னாள். என் முறை வந்தது. எனக்கு வாய் வரவில்லை. பாயசம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

போன வருஷம் நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. அடுத்த வருஷம் இந்த மேஜையில் நம் பக்கத்துப் பெண்ணாக, தமிழ் பேசுகிற மருமகளாக ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு இப்போதே பகவானுக்கு நன்றி என்று சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், அவளுக்குப் புரியாது என்று தெரிந்தே சொன்னேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் உன் பக்கம் சாய்ந்து, அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். எல்லோரும் வந்ததற்கு நன்றி சொல்கிறார்கள் என்று நீ சொன்னாய். எனக்குக் கேட்டது, கண்ணா. என்னைக் காப்பாற்ற நீ பொய் சொன்னது கேட்டது. அதற்கப்புறம் அவள் முறை. ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துத் தமிழில், "என்னைக் கூப்பிட்டதற்கு நன்றி, அம்மா" என்றாள். எத்தனை நாள் பழகினாளோ.

அன்றைக்கு ராத்திரி பாத்திரம் முழுக்க அவள்தான் கழுவினாள். தொக்கு எப்படிச் செய்வது என்று கேட்டாள். அளவெல்லாம் கிடையாது, கைப்பழக்கம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதுவும் பொய். அளவு எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தொக்கை நான் வைத்திருந்தது எதிர்வீட்டுப் பாட்டியின் நீலக்கரைக் கிண்ணத்தில். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் நவம்பரில் அந்தப் பாட்டி எங்களைத் தன் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். எனக்கு இங்கிலீஷ் பேசக் கூச்சம். நான் மாமிசம் சாப்பிட மாட்டேன் என்று அங்கே போன பிறகுதான் அப்பா சொன்னார். உருளைக்கிழங்கில் கோழிச் சாறு சேர்த்திருக்கிறேனே என்று கையைப் பிசைந்துகொண்டு, விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் எனக்காக மட்டும் தனியாக நாலு கிழங்கு வேகவைத்து எடுத்து வந்தாள். அந்தக் கிண்ணத்தில்தான். என் பெயரை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, சரியாக வரும்வரை விடவில்லை. உனக்கும் அக்காவுக்கும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் இந்தக் கதையை. அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போன வருஷம் அப்படிப் பேசினேன்.

உன்னை வளர்த்தது சரியாகத்தான் வளர்த்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தப்பு என்னிடம்தான். ஒரு வருஷமாக நீ போனில் வானிலை மட்டும் பேசுகிறாய், நானும் பூட்ஸ், குல்லா என்று பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு நீ அன்றைக்கு நான் சொன்னதைச் சொல்லிவிட்டாயா, இல்லையா? சொல்லியிருந்தால் சரி. இல்லையென்றால் நானே சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். அவள் பெயரை நான் இன்னும் தப்பாகத்தான் சொல்கிறேன் என்று அக்கா சொல்கிறாள். போன் பண்ணும்போது நீ நிதானமாகச் சொல்லு, நான் பழகிக்கொள்கிறேன்.

பார்சலில் இரண்டு பாட்டில் தொக்கு வைத்திருக்கிறேன். எண்ணெய் கசியாமல் ஜிப் பையில் போட்டு, உன் பழைய பனியனில் சுற்றியிருக்கிறேன். அளவு இதுதான், அவளுக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடு.

பன்னிரண்டு அவுன்ஸ் பை ஒன்று. கழுவி, அமுங்கிப் போன பழங்களைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். வாணலியில் கால் கப் நல்லெண்ணெய், ஒரு டீஸ்பூன் கடுகு, வெடித்ததும் அரை டீஸ்பூன் மஞ்சள் தூள், பழம். மூடி வைக்கவில்லையென்றால் படபடவென்று வெடித்து மேலே தெறிக்கும், கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறாள். பத்து நிமிஷத்தில் குழைந்துவிடும். கரண்டியால் மசித்து, ஒன்றரை டேபிள்ஸ்பூன் மிளகாய்ப் பொடி, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, நெல்லிக்காய் அளவு வெல்லம். எண்ணெய் பிரிந்து ஓரத்துக்கு வரும்வரை சின்னத் தீயில் கிளற வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் கெட்டுப் போய்விடும். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை டீஸ்பூன், பெருங்காயம் இரண்டு சிட்டிகை.

வருகிற புதன்கிழமை கார்த்திகை. கடிதம் அதற்குள் வந்து சேராது, அதனால் அக்காவிடம் சொல்லி உனக்கு மெசேஜ் போடச் சொல்கிறேன். இரண்டு அகலாவது ஏற்று. ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் வைக்காதே. வாசலில் வைக்கப் போனால் படியில் உப்பு போட்டுவிட்டுப் போ.

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஃப்ரீசரை மட்டும் திறந்து திறந்து பார்க்கிறார்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அவளுக்குக் காரம் தாங்காவிட்டால் மிளகாய்ப் பொடியை ஒரு டேபிள்ஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளச் சொல். போன வருஷம் கண்ணில் தண்ணீர் வந்தும் இரண்டாம் தடவை கேட்டுப் போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.