குடி வருவதற்கு முன்பே பஸ் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் குடியிருப்புப் பகுதியின் கோடியில் பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த பெரிய மனையைச் சுற்றிச் சென்ற மாதம் தகர வேலி அடித்துவிட்டார்கள். 240 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று வேலியில் பலகை வைத்திருக்கிறார்கள். பூங்கா எங்கே, வாகன நிறுத்துமிடம் எங்கே என்றெல்லாம் அதில் வரைந்திருக்கிறது. அத்தனை வீட்டுக்காரர்களும் காலையில் எந்த வழியாக வெளியே போவார்கள் என்பதை மட்டும் காணவில்லை. வழி ஒன்றுதான் உண்டு. அது எங்கள் தெரு.

நான் 31 ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். புது வீடுகளே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் சங்கக் கூட்டத்தில் “ஒரு செங்கல் வைக்க விடக் கூடாது” என்று சிலர் பேசினார்கள். அவர்களோடு நான் சேரவில்லை. வாடகை வீடு மாறி மாறிப் பிள்ளைகளைப் பாதியில் பள்ளி மாற்றிய அனுபவம் எனக்கு உண்டு. வீடு தேடுகிறவனின் தவிப்பு எனக்குத் தெரியும். நாங்கள் இங்கே வந்தபோது எங்களுக்கு முன்பே இருந்தவர்கள் கதவை மூடியிருந்தால் எங்கே போயிருப்போம்?

என் கவலை முன்பின் வரிசையைப் பற்றியது. முதலில் வீடு கட்டுகிறார்கள். ஆட்கள் குடி வருகிறார்கள். பஸ் இல்லாததால் ஆளுக்கொரு வண்டி வாங்குகிறார்கள். தெரு அடைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் பஸ் விடலாமா என்று யாராவது யோசிக்கிறார்கள். அப்போது வருகிற பஸ்ஸில் ஏற ஆள் இருப்பதில்லை.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் பணிக்காலத்தில் ஒரு புதுக் குடியிருப்புக்குத் தடம் திறந்தார்கள். அங்கே ஆட்கள் வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. முதல் நாள் முதல் நடைக்கு நான்தான் வண்டியை எடுத்துப் போனேன். அந்த வாசலில் இருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. பெரும்பாலானவற்றில் ஓட்டுபவர் மட்டும்தான். என் பஸ்ஸில் நானும் நடத்துநரும் இருந்தோம். ஏறியது நான்கு பேர். அவர்களில் ஒருவர் என் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, “நீங்கள் முன்னாலேயே வந்திருந்தால் நான் கடன் வாங்கி வண்டி எடுத்திருக்க மாட்டேன் அண்ணே. இன்றைக்கு வண்டி பழுது, அதனால்தான் ஏறினேன்” என்றார். மறுநாள் அவரைக் காணவில்லை. எட்டு மாதம் கழித்து, ஆள் ஏறவில்லை என்று காரணம் சொல்லி அந்தத் தடத்தை நிறுத்தினார்கள். ஆள் ஏறாததற்குக் காரணம் என்ன என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை.

வீடு மாறும்போதுதான் மனிதர் தம் பழக்கங்களையும் மாற்றிக்கொள்கிறார். எந்த வழியாக வேலைக்குப் போவது, பிள்ளையை எதில் அனுப்புவது என்பதெல்லாம் முதல் சில வாரங்களில் முடிவாகிவிடும். அதன் பிறகு அது இறுகிவிடும். வாசலில் வண்டி நிற்கும்போது, அதற்குத் தவணையும் கட்டிக்கொண்டிருக்கும்போது, பஸ்ஸுக்காக நடந்து போய் நிற்க யாருக்கும் மனம் வராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நாடா வைத்து அளந்தேன். மதில் முதல் மதில் வரை ஆறு மீட்டர். நடைபாதை இல்லை. ஒரு காரின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர். இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது 2.4 மீட்டர். நான் ஓட்டிய பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். தீயணைப்பு வண்டியும் ஏறக்குறைய அதே அகலம்தான். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் ஒரு வீடு தீப்பற்றினால் வண்டி தெருமுனையில் நின்றுவிடும். இது இன்றைய நிலை. இன்னும் 240 வீடுகளும் அவற்றுக்கு வந்து போகிறவர்களும் சேர்ந்த பிறகு எப்படி இருக்கும்?

“வாகன நிறுத்துமிடம் உள்ளேயே கட்டுகிறோமே” என்று நிறுவனத்தின் ஆள் கூட்டத்தில் சொன்னார். நிற்கிற வண்டிக்கு அது இடம். ஓடுகிற வண்டிக்கு இடம் எங்கே என்பதுதான் கேள்வி. ஒரு பஸ் 12 மீட்டர் நீளம். அதில் 50 பேர் உட்கார்ந்து போகலாம். அதே 50 பேர் தனித்தனிக் காரில் வந்து தெருமுனையில் நின்றால், காருக்குக் காருக்கு இரண்டு மீட்டர் இடைவெளி விட்டாலும் வரிசை 300 மீட்டரைத் தாண்டும். எங்கள் தெருவின் மொத்த நீளமே 280 மீட்டர்.

அளவுகளை விட என்னை அதிகம் உறுத்துவது ஓர் இடம். தெருவின் நடுவே, குடிநீர்த் தொட்டிக்கு எதிரே, இரண்டு வண்டிகளுக்கு இடையில் இருந்து பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டு வெளியே வருவார்கள். சின்னப் பிள்ளையின் தலை காரின் முன்மூடிக்கு மேலே தெரியாது. முதலில் பந்து தெரியும், அப்புறம்தான் பிள்ளை தெரியும். பந்தைப் பார்த்ததும் காலைப் பிரேக்கில் வைத்துவிட வேண்டும் என்று புதிதாக வந்த ஓட்டுநர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு கவனமான ஓட்டுநருக்கும் கண் பார்த்துக் கால் அழுத்த ஒரு நொடி ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நொடியையும் சேர்த்து, காய்ந்த சாலையில் ஏறக்குறைய 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் 28 மீட்டர் வேண்டும். இன்னும் நெருங்கிப் பாருங்கள். 30ல் வந்த வண்டி முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், 50ல் வந்த ஓட்டுநரின் கால் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்காது. அந்த ஒரு நொடியில் அவர் ஏறக்குறைய 14 மீட்டர் கடந்திருப்பார். பிள்ளையை முழு வேகத்தில் தாண்டியிருப்பார்.

மக்களும் வண்டிகளும் கலந்து நடமாடும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020ல் ஸ்டாக்ஹோமில் கூடிய சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவித்தது. அறிவிப்புப் பலகை நட்டால் மட்டும் வேகம் குறையாது. தெருவே அப்படி அமைந்திருக்க வேண்டும். நெதர்லாந்தில் வீட்டுத் தெருக்களை மரத்தொட்டிகளாலும் வளைவுகளாலும் அமைத்து, வண்டி நடைவேகத்தில்தான் போக முடியும் என்று ஆக்கினார்கள். 1976ல் அதைச் சட்டமாகவும் கொண்டுவந்தார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு நூலகத்தில் இவற்றைத் தேடிப் படிக்கிறேன். 1960களின் இறுதியில் டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஒன்றில் நாளுக்கு 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குத் தெருவுக்குள்ளேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். நெரிசல் மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9தான். எதிர் வரிசைக்குப் போய்ப் பேசுவதையே அங்கே இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த மனிதர் 1982ல் ஏதென்சில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார் என்று படித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எதிர் வீட்டு அம்மாவுக்கு 78 வயது. மாலையில் தெருவைக் கடந்து வந்து எங்கள் திண்ணையில் என் மனைவியோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். ஆறு மீட்டர்தான். அந்த ஆறு மீட்டரைத்தான் நான் காப்பாற்றப் பார்க்கிறேன்.

சாலையை அகலப்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மதில்களை இடித்தாலும் எட்டு மீட்டர் தேறலாம், அதுவும் சில ஆண்டுகளில் நிரம்பிவிடும். நெரிசல் நேரத்தில் புதுச் சாலையின் கொள்ளளவு வரை போக்குவரத்து ஏறிவிடும் என்று ஆந்தனி டவுன்ஸ் 1962லேயே பெருவழிச் சாலைகளை வைத்து எழுதினார். பிரதான சாலையில் நான் ஓட்டிய காலத்தில் இரண்டு முறை அகலப்படுத்தினார்கள். இரண்டு முறையும் சில மாதம் நிம்மதி, பிறகு பழைய கதை.

வேறு வழி இருக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ரீசல்ஃபெல்டு என்ற புதுப் பகுதிக்கு 1996ல் ஆட்கள் குடி வரத் தொடங்கினார்கள். மறு ஆண்டே, அங்கே ஏறக்குறைய ஆயிரம் பேர் மட்டுமே இருந்தபோது, டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆள் சேரட்டும் என்று காத்திருக்கவில்லை. எங்களுக்கு டிராம் வேண்டாம். ஒரு பஸ் தடம் போதும்.

இன்று எங்களுக்கு மிக அருகில் இருக்கும் நிறுத்தம் பிரதான சாலையில், 900 மீட்டர் தூரத்தில். ஐந்து நிமிட நடை, அதாவது 400 மீட்டர் என்பதுதான் பஸ் நிறுத்தத்துக்கு நகரமைப்பாளர்கள் பொதுவாக வைக்கும் கணக்கு. பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது என்பதும் முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஆள் கடிகாரம் பார்க்காமல் கிளம்புவார். அரை மணிக்கு ஒன்று என்றால், ஒரு முறை தவறவிட்டவர் மறுநாள் வேறு வழி தேடுவார். பெயருக்கு நாளைக்கு நான்கு நடை விட்டுவிட்டு, ஆள் இல்லை என்று நிறுத்திவிடுவதை மறுபடியும் பார்க்க எனக்குத் திராணி இல்லை.

ஆகவே கட்டட அனுமதியில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாக அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வீட்டின் சாவி கைமாறும் நாளுக்கு முன்பே அந்த வாசலில் இருந்து பஸ் ஓட வேண்டும். நெரிசல் நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்று வேண்டும். நிறுத்தம் வரை பிள்ளைகள் நடக்கத் தெருவின் ஒரு பக்கத்தில் நடைபாதை அமைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. கம்பியும் ஜல்லியும் ஏற்றி வரும் லாரிகள் பள்ளி விடும் நேரத்தில் உள்ளே வராமல் இருக்க வேண்டும். சென்ற வாரமே ஒன்று தெருமுனையில் திரும்பி வடிகால் மூடியை உடைத்துவிட்டது. குடிநீர், கழிவுநீர் பற்றிச் சங்கத்தார் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

இதுவரை பஸ் கேட்டுக் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் “உள்ளே வண்டி திரும்ப இடமில்லை” என்றே பதில் வந்தது. அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. 12 மீட்டர் பஸ் ஒரே வீச்சில் திரும்ப 25 மீட்டர் விட்டத்தில் வெற்றிடம் வேண்டும். எங்கள் தெருவில் அது கிடையாது. ஆனால் புது மனையில் இருக்கிறது. வேலி அடிப்பதற்கு முன்பு ஒரு காலையில் நானே உள்ளே போய்க் காலடி வைத்து அளந்தேன். நுழைவாயிலை ஒட்டி, பலகையில் அலங்காரப் புல்வெளி என்று காட்டியிருக்கும் இடத்தில் தாராளமாகத் திரும்பலாம். பின்பக்கம் மதிலில் இடிக்காமல் எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்பதையும் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் கொடுக்கிறேன். அந்த இடத்தில் இன்னும் பள்ளம் தோண்டவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர்